தாருக்கு அடியில் இருக்கிற வால்வு

அன்புள்ள மகனுக்கு,

இந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை விளையாட்டுக்கு எழுதியது என்று ஓரமாகத் தள்ளிவிடாதே. எழுதியது உன் அப்பன்தான். கோட்டின் மேல் நிற்க வேண்டிய எழுத்து ஒன்று மேலே ஏறி நிற்கிறது, ஒன்று கீழே தொங்குகிறது, மன்னித்துக்கொள். முப்பது வருடத்துக்கு மேல் இரும்புச் சாவியைப் பிடித்து வால்வு சுற்றிய கை, பேனாவையும் அதே பிடியாகத்தான் பிடிக்கிறது. மூன்றாம் பக்கத்தில் தாள் கிழிந்திருக்கும், பின்னால் ஒட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ‘ழ’ வந்தால் அதை எழுதிவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்கு வருகிறேன். உன் அம்மா, “இன்னாத்துக்கு இந்தப் பாடு? போன்ல சொன்னா ரெண்டு நிமிசம்” என்கிறாள். இதன் சுகம் அவளுக்கு என்ன தெரியும்? போன மாதம் எண்ணூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கடைப்பலகை ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். கண்டக்டர் வந்து, “பெர்சு, டிக்கெட் எடுக்குறியா, இல்ல திருவொத்தியூர் மொத்தத்தையும் வாசிச்சிட்டுத்தான் எடுப்பியா?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கொடுத்த டிக்கெட்டையும் படித்தேன்.

போனில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ “ம், ம், சொல்லு நைனா” என்கிறாய். அந்த ‘ம்’ எனக்குப் பழக்கமானது. நான் தண்ணீர் வாரியத்தில் வால்வு ஆளாக வேலை பார்த்த காலத்தில், இன்றைக்கு நீ உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்த பொறியாளர்கள் அத்தனை பேரும் எனக்கு அந்த ‘ம்’மைத்தான் போட்டார்கள். வாயால் சொன்னது உங்கள் ஆபீஸில் யார் காதிலும் ஏறாது. காகிதமாக வந்து, தபால் பிரிவில் முத்திரை விழுந்து, ஒரு எண் கிடைத்த பிறகுதான் ஒரு விஷயம் உலகத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வீர்கள். அப்போது என்னிடம் காகிதம் கிடையாது. இப்போது இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை எம்.கே.பி. நகரில் இருக்கிற உன் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. நேராக உன் ஆபீஸுக்கு வந்து, தபால் வாங்குகிற அம்மாவிடம் கொடுத்து, முத்திரை போட்ட ரசீதை வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன். உன் மேலதிகாரி படிக்கட்டும், டைப் அடிக்கிறவர் படிக்கட்டும், ஜீப் ஓட்டுகிறவரும் படிக்கட்டும். வீட்டுக்கு வந்தால் நீ அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும். நீ என் பிள்ளை.

பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சாப்பிட்டதை நினைத்துப் பார். வஞ்சிரக் குழம்பு. இலையில் இரண்டாவது தடவை சோறு விழுந்ததும் நீயாகவே ஆரம்பித்தாய். “ஆறாவது சந்துலேர்ந்து ஒரு பெட்டிஷன் வந்துகீது நைனா. மைமூன்னு யாரோ ஒரு லேடி. சொந்தக் கையால எழுதிக்கீறாங்க. பதில் போட்டாவணும். அடுத்த வாரம் வெள்ளிக்கெழம கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிடுவேன்” என்றாய். என்ன பதில் என்று கேட்டேன். “அது கடைசிச் சந்து, மேடான எடம், குழாய்ல தண்ணி ஏறாது. நிரந்தரமா லாரித் தண்ணின்னு எழுதிட்டு அந்தக் குழாய கணக்குலேர்ந்தே எடுத்துடப் போறோம்” என்றாய். உன் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். “இன்னாது, மேடா? மழ பேஞ்சா நம்ம பேட்டையிலயே மொதல்ல முழுவுறது அந்தச் சந்துதான்டா. போன மழைக்கு அங்க படகு வுட்டாங்க. குடிக்கிற தண்ணிக்கு மட்டும் அது மலையாயிடுதா?” என்று கேட்டாள். “அம்மா, அது வேற, இது வேற. ரிப்போர்ட்ல கீதும்மா” என்றாய். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுத்தே தெரியாத ஒருத்தி சோறு போட்டுக்கொண்டே கேட்ட கேள்வியை, இத்தனை வருடத்தில் உங்கள் ஆபீஸில் படித்தவன் ஒருவனாவது கேட்டானா? மழைத் தண்ணீர் தானாக ஓடிப்போய் நிற்கிற இடம் பள்ளம். அதைப் பார்க்க லெவல் கருவி வேண்டாம், ஒரு மழை நாளில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் போதும். ஆனால் மழை பெய்கிற அன்றைக்கு நீங்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வந்து, சுவரில் இருக்கிற கறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறீர்கள். இப்படி நான் பேசினால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன்னைவிட எனக்கு என் மேல்தான் அதிகக் கோபம். அதற்குத்தான் வருகிறேன், கொஞ்சம் பொறு. நான் மெதுவாகத்தான் எழுத முடியும்.

யாரோ ஒரு லேடி என்றாயே, அந்த மைமூனை எனக்கு நன்றாகத் தெரியும். சங்கக் கட்டடத்து மாடியில் நடக்கிற சாயந்திர வகுப்பில் என் பக்கத்துப் பாயில் உட்காருகிறவள் அவள்தான். காலையில் இடியாப்பம் பிழிந்து விற்கிறாள். இடியாப்ப மாவு பிசைவதற்கே ஒரு குடம் தண்ணீர் வேண்டும். அந்தக் குடத்துக்காக விடிவதற்கு முன்பே லாரி வருகிற முனைக்குப் போய் நிற்கிறாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பாயில் உட்காருவாள். நான் ‘அ’ எழுதுவதைப் பார்த்துவிட்டு முதல் நாளே, “இன்னா அண்ணாத்தே, அது எழுத்தா, அடிபட்ட நண்டா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து நாங்கள் தோஸ்து. யார் முதலில் மெய்யெழுத்தை முடிப்பது என்று போட்டி போட்டோம். அவள்தான் ஜெயித்தாள். ஒரு நாள் வகுப்பு முடிகிற நேரத்தில் டீச்சரம்மா, “நீங்களே யோசிச்சு ஏதாவது நாலு வரி எழுதுங்க” என்றார். நான் பஸ் கண்டக்டரைப் பற்றி எழுதினேன். மைமூன் எழுதியது இதுதான்: ‘எங்கள் சந்தில் குழாய் இருக்கிறது. தண்ணீர் வருவதில்லை. காரணம் சொல்லவும்.’ டீச்சரம்மா அதை எழுந்து நின்று படித்தார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். மறுநாள் அதை நல்ல தாளில் எழுதியபோது, தாள் நகராமல் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டவன் நான்தான். உன் மேஜைக்கு வந்த பெட்டிஷனில் வலது மூலையில் ஒரு கட்டை விரல் அழுக்கு இருக்கும். அது என் விரல்.

அவள் காரணம் கேட்டிருக்கிறாள். காரணம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். எங்கள் பேட்டையில் பெரிய சாலையின் அடியிலிருந்து ஒரு கிளைக்குழாய் பிரிந்து கடல் பக்கமாகப் போகிறது. அதிலிருந்துதான் ஒன்று முதல் ஆறு வரை எல்லாச் சந்துக்கும் தண்ணீர். விடியற்காலையில் ஒரு மணி நேரம் விடுவோம். எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்பதைச் சாலையில் ஆங்காங்கே புதைத்திருக்கிற வால்வுகள்தான் முடிவு செய்யும். ஆள் உயரச் சாவியை மூடிக்குள் இறக்கி, அந்த வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலை எனக்கு. நாங்கள் குடியிருப்பது இரண்டாவது சந்து. மைமூன் ஆறாவது.

அந்த ஆறாவது சந்துக்குத் தண்ணீர் கொண்டுபோக உங்கள் ஆபீஸ் போட்ட திட்டங்களை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஒரு மோட்டார் வைத்தார்கள். வராத தண்ணீரை மோட்டார் எங்கிருந்து இழுக்கும்? காற்றை உறிஞ்சிக்கொண்டு ஊளையிட்டது. குழந்தைகள் பயந்தன. ஒரு மாதத்தில் புகைந்துபோனது. பிறகு காதில் கருவி மாட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். தரையில் கம்பியை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, பூமிக்கு உள்ளே கேட்டார்கள். வெயிலுக்கு அவர்களுக்குக் குடை பிடித்தவன் நான். அதில் ஒருவர் ஒரு இடத்தில் நின்று, “இங்க லேசா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது சார்” என்றார். நான் குடையை அவர் தலைக்கு இன்னும் தாழ்த்திப் பிடித்தேன். பெரியவர் தன் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, “கன்டெய்னர் லாரி சத்தம்பா. குறிச்சுக்கோ” என்றார். குறித்துக்கொண்டார்கள். உன் ஃபைலில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கும், தேடிப் பார்.

அதற்குப் பிறகு புதுக் குழாய்த் திட்டம். சாலை ஒரு ஆபீஸுடையது, சாக்கடை இன்னொரு ஆபீஸுடையது, நடுவில் ஓடுகிற சரக்கு ரயில் பாதை மூன்றாவது ஆபீஸுடையது. மற்ற இரண்டு பேரின் அனுமதியை முதலில் வாங்கி வா என்று மூன்று பேருமே சொன்னார்கள். அந்தக் காகிதங்கள் சுற்றிய தூரத்துக்குத் தண்ணீர் போயிருந்தால் ஆந்திராவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். கடைசியில் அனுமதி கிடைத்து, பிளாஸ்டிக் குழாய் புதைத்தார்கள். அதை எங்கே இணைத்தார்கள் தெரியுமா? ஐந்தாவது சந்தைத் தாண்டின முனையில், ஏற்கெனவே தண்ணீர் வராத அதே பழைய குழாயில். வறண்ட குழாயிலிருந்து வறண்ட குழாய்க்கு ஒரு புதுக் குழாய். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பந்தலுக்குப் பின்னால் லாரியை நிறுத்தி, ஹோஸைக் குழாயில் மாட்டி, தலைவர் திறக்கும்போது தண்ணீர் கொட்ட வைத்தார்கள். “வந்துச்சு பாரு” என்று எல்லோரும் கை தட்டினார்கள். லாரி கிளம்பியதும் குழாயும் நின்றது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். உனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். எதற்கு என்று தெரியாமல் நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

இப்போது அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் பேனா இரண்டு நாள் நின்றுவிட்டது.

நீ பிறந்தது கோடையில். அந்த வருடம் ஏரியெல்லாம் காய்ந்து, குழாயில் விரல் தடிமன்கூடத் தண்ணீர் வரவில்லை. ராயபுரத்தில் பிரசவம் முடிந்து உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உன் துணி அலசக்கூட ஒரு வாளி இல்லை. அடி பம்பில் உப்புத் தண்ணீர். அதில் குளிப்பாட்டி உனக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிறவன் வீட்டில் தண்ணீர் இல்லை என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். இரண்டாவது சந்தைத் தாண்டினதும், பள்ளிவாசல் அருகில் ஒரு வால்வு உண்டு. எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ, எங்கோ கழற்றிய பழைய வால்வைக் கொண்டுவந்து அங்கே பொருத்தியிருந்தார்கள். அதை வரைபடத்தில் யாரும் ஏற்றவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் அதில் சாவியைப் போட்டேன். எட்டுச் சுற்று மூடினேன். முழுதாக மூட இன்னும் இரண்டு சுற்று பாக்கி; அந்த இடுக்கில் போகிற தண்ணீர் மூன்று, நான்கு, ஐந்தாவது சந்தோடு தீர்ந்துவிடும், ஆறாவதுக்கு எட்டாது. எங்கள் சந்தில் அன்றைக்கு வாளி நிறைந்தது. எதிர்வீட்டுக்காரி எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். ஒரு மாதம் போனதும், மழை வந்ததும் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குள் எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். எழுந்து போனால் சாலை புதிதாகப் பளபளவென்று கிடக்கிறது. மூடிக்கு மேலேயே தார் போட்டு உருட்டிவிட்டார்கள். சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேராக ஆபீஸுக்குப் போய் அப்போதைய பொறியாளரிடம், “சார், பள்ளிவாசலாண்ட ஒரு வால்வு தாருக்கு அடியில போயிட்ச்சு, நோண்டி எடுக்கணும்” என்றேன். எட்டுச் சுற்றைச் சொல்லவில்லை. அவர் வரைபடத்தை விரித்தார். விரலை வைத்துத் தேடினார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே, “இதுல வால்வே கிடையாதேப்பா. உனக்குப் படிக்கத் தெரியுமா? நேத்து கனவுல வந்துச்சா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவன்கூடச் சிரித்தான்.

அன்றைக்கு முடிவு செய்தேன். நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் என்று. வரைபடத்தில் இல்லையா? சரி. அது என் காலடியில் இருக்கட்டும். அதற்குப் பிறகு ஆறு பொறியாளர்கள் வந்து போனார்கள். அதில் இரண்டு பேர் நல்லவர்கள். நான் தயங்கி நின்றால், “என்னப்பா?” என்று கேட்டிருப்பார்கள். அவர்களிடமும் சொல்லவில்லை. மோட்டார் வந்தபோதும் சொல்லவில்லை, காதுக் கருவி வந்தபோதும் சொல்லவில்லை, பந்தல் போட்டபோதும் சொல்லவில்லை. தினமும் டியூட்டி முடிந்து போகும்போது அந்த இடத்தை வேண்டுமென்றே ஒரு தடவை மிதித்துவிட்டுப் போவேன். இவ்வளவு படித்தவர்களுக்குத் தெரியாதது, எழுத்துத் தெரியாத எனக்குத் தெரியும் என்று உள்ளங்காலில் ஒரு சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகும் மிதித்தேன். அவர்கள் முட்டாள்கள் என்று நான் காட்டவேண்டுமானால் ஆறாவது சந்து தாகத்தோடு இருக்க வேண்டும். இதை நான் யோசிக்கவே இல்லை என்று எழுதினால் பொய். யோசித்தேன். யோசித்துவிட்டு மிதித்தேன்.

உனக்கு வயது முப்பது. அந்த வால்வு மூடிக்கிடப்பதும் முப்பது வருடம். உன் துணி அலசுவதற்காக மூடியது.

நேற்று, இது வரைக்கும் எழுதியதை வகுப்புக்கு எடுத்துப்போய் மைமூனிடம் கொடுத்தேன். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் முதல் பக்கத்தைப் பார்த்து, “அட, இவ்ளோ எழுதிகினியா நீ?” என்று சந்தோஷமாகத்தான் வாங்கினாள். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டே படித்தாள். நண்டு வந்த இடத்தில் சிரித்தாள். அவளுக்கும் ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் ஆகிறது. நான் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் வந்தது, ராயபுரத்தில் வந்தது, பள்ளிவாசலுக்கு வந்தது. ஓரிடத்தில் நின்றது. மறுபடியும் பின்னால் போய் அதே வரியைப் படித்தாள்.

“எட்டு சுத்தா அண்ணாத்தே?”

“ஆமாம்மா.”

“எட்டு சுத்து சுத்த எம்மா நேரம் ஆவும்?”

“ரெண்டு நிமிசம்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். “ரெண்டு நிமிசம்” என்றாள். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: “எம் மாமியா லாரி பின்னாடி ஓடி வுழுந்து காலு ஒட்ச்சிகினா. கடேசி வரிக்கும் எய்ந்துக்கல. எம் பொண்ணு பத்தாவது பரிச்சைக்கு லேட்டா போயி, வெளியவே நின்னுகினு அழுதா. என் இடுப்பு போயே போச்சு. நீ தெனம் எதுர்ல வந்து, ‘இன்னாம்மா சவுக்யமா’ன்னு சிரிச்சிகினு போன.” மீதிப் பக்கங்களையும் விடாமல் படித்தாள். மிதித்த இடத்தைப் படிக்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை. முடித்துவிட்டுத் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் மடியில் வைத்தாள். “எழுத்து நல்லாகீது” என்றாள். அவ்வளவுதான். டீச்சரம்மா என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டாள்.

வகுப்பு விட்டதும் படிக்கட்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். “வெள்ளிக்கெழம காலீல ஏழு மணிக்கு உன் புள்ளைய இட்டுகினு வா. எங்க சந்து பொம்பளைங்க அத்தினி பேரும் பள்ளிவாசலாண்ட கடப்பாரையோட நிப்போம். அவரு வந்தா அவரு நோண்டட்டும். வர்லனா நாங்க நோண்டுவோம். போலீஸ் வந்தா நீ எழுதுனதக் காட்டுவேன், எனக்கு ஒரு நகல் குடு” என்றாள். இன்று காலை முழுவதும் உட்கார்ந்து, எட்டுச் சுற்று இருக்கிற பக்கங்களை மட்டும் அவளுக்கு நகல் எடுத்தேன். என் எழுத்தில் இது வரைக்கும் எடுத்த நகல் அது ஒன்றுதான்.

அதனால் வெள்ளிக்கிழமை நீ அந்தப் பதிலில் கையெழுத்துப் போடாதே. போட்டால் நான் மூடியதை நீ சீல் வைத்ததாக ஆகிவிடும். நான் எட்டுச் சுற்றோடு நிறுத்தினேன். பாக்கி இருக்கிற இரண்டு சுற்று உன் கையெழுத்து. உன் ஆபீஸில் கேட்பார்கள், இது உனக்கு எப்படித் தெரியும் என்று. என் அப்பன் செய்தான் என்று எழுது. பெயரையும் எழுது. பெரியவர் தவறுதலாக என்றெல்லாம் பூசி மெழுகாதே. தவறுதல் அந்த முதல் மாதம் மட்டும்தான். பள்ளம் தோண்ட மூன்று ஆபீஸ் அனுமதி வேண்டுமே என்று நீ பேனாவைக் கீழே வைத்துவிடுவாய். அது பள்ளம் இல்லை. ஏற்கெனவே இருக்கிற மூடியின் மேல் இருக்கிற தாரைச் சுரண்டுவது பராமரிப்பு வேலை. அப்படி எழுதி ஒரே கையெழுத்தில் முடித்த நல்ல பொறியாளர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். நான் சொல்லாமல் விட்ட இரண்டு பேரில் ஒருவர்.

இடத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். பள்ளிவாசல் பச்சைக் கேட்டின் வடக்குத் தூணில் முதுகை வைத்து நின்று, நேராகக் கிழக்கே என் காலால் பதினான்கு அடி வை. அங்கிருந்து சாக்கடை மூடி பக்கமாக இரண்டு அடி. உன் கால் என்னுடையதைவிடப் பெரியது, அதனால் அளக்க நானே வருகிறேன். தார் இதற்குள் நான்கு அடுக்காவது ஏறியிருக்கும். மூடி கிடைத்ததும் உன் ஆட்களை அவசரப்பட விடாதே. மற்ற வால்வுகள் வலப்பக்கம் சுற்றினால் மூடும். இது இடக்கை வால்வு, வலப்பக்கம் சுற்றினால்தான் திறக்கும். தெரியாதவன் வழக்கம்போல இடப்பக்கம் சுற்றித் திறக்கப் பார்த்தால், பாக்கி இரண்டு சுற்றும் மூடிக்கொண்டு, ‘பார்த்தீர்களா, தண்ணீர் வரவில்லை’ என்று மறுபடியும் ஒரு ரிப்போர்ட் எழுதுவீர்கள். முப்பது வருடத் துரு இருக்கும். முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திரு. பிறகு கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி கால் சுற்று. முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளே தண்டு முறிந்துவிடும். அப்புறம் என் மன்னிப்பும் பிரயோஜனம் இல்லை, உன் டிகிரியும் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் முதலில் சிவப்பாக வரும். மைமூனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் ரத்தம் கொதித்து அந்தக் கடப்பாரையை உன் பக்கம் திருப்பிவிடுவாள். வெளுக்கிற வரைக்கும் ஓடவிடு.

எங்கள் சந்தில் தண்ணீர் குறையும். இரண்டாவது சந்துக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். உன் ஆபீஸுக்கு அடுத்த பெட்டிஷன் அவர்களிடமிருந்துதான் வரும். நேற்று இரவுச் சாப்பாட்டின்போது உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “நம்ம வூட்டுக்கு வர்றது கொறஞ்சிடுமா?” என்று மட்டும் கேட்டாள். குறையும் என்றேன். குழாயை மூடினாள். “கொறயட்டும். முப்பது வருசம் யார் தண்ணியில தொவச்சோம்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றாள். உனக்குச் சுற்றிய துணிகளை அலசின அதே அலுமினிய வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் ஒப்படைத்தது வேறு ஒரு சாவி. இந்த வால்வுக்குச் சேர்கிற பழைய சாவி என் கட்டிலுக்கு அடியில், சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. இன்று வெளியே எடுத்துத் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டேன். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கொண்டு வருவேன். என் தோளில் இப்போது அந்தப் பலம் இல்லை. சாவியை நான் இறக்கித் தருகிறேன், நீதான் சுற்ற வேண்டும். நான் எண்ணுகிறேன். சட்டை அழுக்காகும் என்று ஆளைக் கூப்பிடாதே. ஆறாவது சந்து பார்த்துக்கொண்டிருக்கும். மைமூன் என்னோடு பேசுவாளா, பாயை மறுபடி என் பக்கத்தில் போடுவாளா என்பதெல்லாம் தெரியாது. போடவேண்டும் என்று கேட்கிற தகுதி எனக்குக் கிடையாது. எட்டும் சுற்றி முடித்துவிட்டு, அவள் கேட்ட கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதி, நீயே அவள் கையில் கொடு. அவள் படித்துவிடுவாள்.

மேலும் ஒன்று சொல்லவேண்டும். வரைபடத்தில் இல்லாமல் புதைந்து கிடப்பது இது ஒன்று மட்டும் இல்லை. சாத்தாங்காடு போகிற வழியில் ஒன்றும், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றும் இருக்கின்றன. அவற்றை நான் மூடவில்லை. ஆனால் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். கை வலிக்கிறது. முதலில் இதைத் திற. தண்ணீர் மைமூன் வாசலுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அப்பன்